மோந்து பார்த்த பூ

ணங்கென்று ஒரு மூடி தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி ஆடி அடங்கியது. "போ," என்றார் இன்னாசி. கண்ணைத் திறக்கவில்லை, வாய்தான் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் முதுகுக்கடியில் பாய் இருப்பதும், தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிடுவதும், விழுந்தது பால் கேனின் மூடியல்ல, வெளியே மனைவி ஜெபமாலை கழுவப் போட்ட சோத்துப் பானையின் மூடி என்பதும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பால் பண்ணையில் கேன் இறக்குகிற டாக்கில் ராத்திரி முழுக்க அவருக்கு இருக்கும் பேச்சே அந்த ஒரு சொல்தான். லாரியிலிருந்து இறங்குகிற கேன் உருளைகளின் மேல் வழுக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்கும். கூட நிற்கிற பரமன் மூடியைத் தூக்குவான். இவர் குனிந்து மூடியின் அடிப்புறத்தையும் கேனின் வாயையும் ஒரே மூச்சில் முகர்ந்து பார்ப்பார். நல்ல பால் என்றால் போ. கெட்ட பால் என்றால் தள்ளு. தள்ளினால் அந்த கேன் வந்த வழியே ஊருக்குத் திரும்பும். பால் ஊற்றும் ஊர்களில் அவருக்கு மூக்கு இன்னாசி என்றுதான் பெயர், வெறும் இன்னாசி என்றால் யார் என்று கேட்பார்கள். அந்த மூக்கு செத்துப்போய் ஒரு தவக்காலம் முழுசாக முடிந்து ஈஸ்டரும் போய்விட்டது. பண்ணையில் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் படுக்கிற ஜெபமாலைக்கும் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூடியே இருந்தால் தூக்கம் வந்துவிடும் என்று காத்திருந்தார். தூக்கம் வரவில்லை, அந்த கேன்தான் வந்தது.

கடைசி லோடு, வடக்கு ரூட்டு வண்டி. அந்தப் பக்கம் முழுக்க மல்லிக்காடு. கோடை பிறந்து இரண்டு மழை விழுந்ததும் செடி வெள்ளை வெள்ளையாகக் கொட்டும், கூடவே மொட்டுப்புழுவும் வரும், விடிந்தால் அடைந்தால் மருந்து அடிப்பார்கள். மருந்து கலக்குகிற வாளியும் பால் கறக்கிற வாளியும் ஒரே தொட்டிக்கடியில்தான் கிடக்கும். முன்னொரு கோடையில் அப்படி ஒரு கேன் வந்து, வாயருகே போகும்போதே இவருக்குக் குமட்டி, தள்ளு என்று கத்தியதில் டாக்கே நின்றுவிட்டது. புளித்த பாலை லேபில் குழாயில் ஊற்றிக் கண்டுபிடித்துவிடுவார்கள். மருந்தை மூக்குதான் பிடிக்கும். அன்றைக்கு மேலாளரே இறங்கி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். நேற்று ராத்திரி வந்த கேனின் மூடி அடியில், ரப்பர் வளையத்தை ஒட்டி, நீலமாக ஒரு சொட்டு இருந்தது. இருந்ததா? டியூப்லைட் வெளிச்சத்தில் பாலின் நுரையே சில சமயம் நீலமாகத்தான் தெரியும். குனிந்தார். முகர்ந்தார். எல்லாக் கேனிலும் வருவதுதான் வந்தது, ஈரமான காற்று. மற்ற நாளில் என்றால் பக்கத்தில் பரமன் நிற்பான், அவன் முகத்தைப் பார்த்தே இத்தனை நாளை ஓட்டிவிட்டார். கெட்ட கேன் என்றால் பரமனின் மேலுதடு அவனுக்கே தெரியாமல் ஒரு பக்கம் சுருங்கும். பரமன் சித்திரைத் திருவிழாவுக்கு மாமனார் ஊருக்குப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக நின்றவன் முகத்தில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தான், கண் மட்டும்தான் வெளியே. அந்தக் கண் இவரையே பார்த்தது. மூக்கு இன்னாசி என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தது. "போ," என்று வாய் சொல்லிவிட்டது. கேன் கவிழ்ந்தது. பால் பாலோடு சேர்ந்து சைலோ என்கிற பெரிய தொட்டிக்குள் ஏறியது. ஏறின பிறகு எது எந்த ஊர்ப் பால் என்று யாரால் சொல்ல முடியும். ராத்திரி வருகிற பாலை மத்தியானத்துக்கு மேல்தான் பாக்கெட் போடுவார்கள். அதுவரைக்கும் ஒரு போன் போதும். சைலோவை நிறுத்தி வையுங்கள் என்று ஒரு வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் கேட்பார்கள். ஏன் அண்ணே, ராத்திரியே தெரியலையா?

எழுந்துவிட்டார். இனிமேல் படுத்திருப்பதில் அர்த்தமில்லை. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போனைத் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகத் தோட்டத்துக்கு இறங்கினார். தோட்டம் என்றால் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் இடையில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலம், அவ்வளவுதான். அதற்குள் வரிசையாக மல்லி, மூலையில் பன்னீர் ரோஸ், சுவரோரம் கனகாம்பரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மருக்கொழுந்து, பெயிண்ட் டப்பாக்களை அறுத்து அதில் பத்துமணிப் பூ. எல்லாம் இவர் கையால் வைத்தது. தை மாதம் மல்லியை இரக்கமில்லாமல் வெட்டி, இலையெல்லாம் உருவி, குச்சி குச்சியாக நிறுத்தியபோது ஜெபமாலை வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள், செத்த வீடு மாதிரி இருக்கு என்றாள். பங்குனியில் துளிர்த்தது. இப்போது சித்திரை முடியப்போகிற நேரம், இலை தெரியவில்லை, மொட்டாக நிற்கிறது. வாளியில் தண்ணீர் மொண்டு முதல் செடிக்கு ஊற்றினார். மண் சுர்ரென்று குடித்தது. குடிக்கிற சத்தம் கேட்டது, மண் கறுப்பதும் தெரிந்தது, அதற்கப்புறம் ஒன்று வரவேண்டும், காய்ந்த மண்ணில் தண்ணீர் பட்டால் எழுந்து வருமே, அது வரவில்லை. அதற்காக நின்றுகொண்டிருந்தோம் என்பதே அது வராதபோதுதான் தெரிந்தது. இப்படித்தான் ஒவ்வொன்றும். மாடிப்படியில் இருக்கிற ஒரு படியை எடுத்துவிட்ட மாதிரி, கால் அங்கே போய் வெறும் காற்றை மிதிக்கிறது. ஆனால் இந்தக் கோடையில்தான் அவர் தன் தோட்டத்தைக் கண்ணால் பார்த்தார் என்பதும் உண்மை. அதற்கு முன்னால் மல்லி என்றால் மணம், அவ்வளவுதான், கதவைத் திறந்ததும் மார்பில் வந்து மோதும், பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. இப்போது பார்க்கிறார். மொட்டின் நுனியில் ஊதாவாக ஒரு கோடு ஓடுகிறது. காம்பு பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாறுகிற இடத்தில் இரண்டும் இல்லாத ஒரு நிறம் இருக்கிறது. பத்துமணிப் பூ திறப்பதை உட்கார்ந்து பார்த்தால் திறப்பது தெரியாது, வேறு எங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் திறந்திருக்கும். விரலுக்கு மொட்டு குளிர்ச்சியாக இருக்கிறது, வெயில் ஏறின பிறகும். இதெல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பலகாரம் மாதிரி நல்லா இருக்கிறது.

"இன்னாசிண்ணே, தூங்கலையா நீங்க?" காம்பவுண்டுக்கு மேலே லூர்துமேரியின் தலை தெரிந்தது. பக்கத்து வீடு, தெருவில் கோயில் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்துக்குத் தலைவி, வணக்க மாதம் வந்துவிட்டால் தெருவே அவள் கையில். மே மாதம் முழுக்க மாதா சுரூபம் சாயங்காலமானால் ஒரு வீடு என்று போகும், இன்றைக்கு இவர்கள் வீட்டு முறை. "சாயங்காலம் ஏழு மணிக்கு மாதா வந்திருவாங்க. மாலை ஒங்க வீட்டுப் பூவுதான்னு ஜெபமாலைக்கா சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் சொல்லிட்டேன், கடைப்பூ இல்ல, மருந்து அடிக்காத பூன்னு."

"ம்," என்றார் இன்னாசி.

"ராத்திரி எங்க மாமியா ஒரே சண்டை. ஜன்னலைச் சாத்துடி, அந்த ஆளு வீட்டு மல்லி வாசனையில மண்டை வெடிக்குதுங்குது. அவ்வளவு வாசனையாண்ணே?"

"அப்படியா," என்றார். போகாத ஊரைப் பற்றி யாரோ சொல்வதைக் கேட்பது போலத்தான் கேட்டது அவருக்கே.

"அப்படியாவா? மூக்கை வச்சே பொழைக்கிற மனுசன் நீங்க. ஒங்களைக் கேக்காம யாரைக் கேக்க? சரி சரி, அங்க பாலு, இங்க பூவு, ஒங்க மூக்குக்கு ஒரு நாள் லீவு குடுங்க." சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். இறங்கியவள் மறுபடி தலையை நீட்டி, "கனகாம்பரத்தை ஊடால வச்சுக் கட்டச் சொல்லுங்க அக்காவ, வெறும் வெள்ளையா இருந்தா சாவு மாலை மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூக்கை வச்சே பொழைக்கிற மனுசன். அவள் வீட்டில் கருவாடு வறுத்த அன்றைக்குத்தான் முதலில் தெரிந்தது. தவக்காலத்தின் ஆரம்பத்தில் ஒரு காய்ச்சல், சளி, மூன்று நாள் படுத்தார், எழுந்தார், சளியும் போனது, எல்லாருக்கும் வருவதுதானே. ஜெபமாலை மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகச் சாத்துகிறாள், கவிச்சி தொடக்கூடாத சுத்தபோசன நாளில் கருவாடு வறுக்கிறாளே இவளெல்லாம் ஒரு தலைவி என்கிறாள், இவர் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு, என்ன கருவாடு, எங்கே கருவாடு என்று கேட்கப்போய் நிறுத்திக்கொண்டார். நிறுத்திக்கொண்டதுதான் முதல் பொய். அப்புறம் சமையலறைக்குப் போய் யாரும் பார்க்காதபோது டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். சீரகம் மரத்தூள். காப்பித்தூள் மண். வெங்காயத்தை அரிந்தால் கண் எரிந்தது, மூக்குக்குள்ளே காரம் கூடக் குத்தியது, ஆனால் வெங்காயம் இல்லை. காரம் இருக்கிறது, ஆள் இல்லை. மருக்கொழுந்தைக் கசக்கினால் கொஞ்சம் குளிர்கிறது, அதோடு சரி. சரியாகிவிடும், ஈஸ்டருக்குள் சரியாகிவிடும் என்றிருந்தார். ஈஸ்டர் பூசையில் சாமியார் தூபத்தை ஆட்டியபோது புகை நேராக முகத்துக்கு வந்தது. பக்கத்தில் நின்ற கிழவர் இருமினார். இவருக்கும் இருமல் வந்தது. அது புகைக்கு வந்த இருமல்தான். இதைவிட மோசம், இல்லாத நாற்றம் வருவது. நடு ரோட்டில் போகும்போது திடீரென்று ரப்பர் எரிகிற மாதிரி வரும், நின்று திரும்பிப் பார்ப்பார், எதுவும் எரியாது. தலைக்குள்தான் எரிகிறது. குளித்துவிட்டு வந்து அரை மணியில் மறுபடி குளிக்கிறார், தன் மேல் நாற்றம் அடித்தால் தனக்குத் தெரியாதே என்று. ஒருநாள் தூங்குகிற ஜெபமாலையின் கழுத்தருகே குனிந்து வெகுநேரம் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு வாசனை உண்டு, எண்ணெயும் வேர்வையும் அடுப்பும் சேர்ந்த ஒன்று. கூடவே இருந்ததால் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்திருந்தால் இப்போது நினைத்தாவது பார்க்கலாம்.

பூக்கூடையை எடுத்துக்கொண்டார். மாலைக்குப் பறிக்க வேண்டும், வெயில் ஏறினால் மொட்டு துவண்டுவிடும். பறிப்பது இரண்டு விரலின் வேலை, காம்போடு கிள்ளினால் டிக்கென்று வரும். டிக், டிக் என்று பறித்துக்கொண்டே போனவர் நேற்று சாயங்காலம் பறிபடாமல் தப்பி ராத்திரி மலர்ந்துவிட்ட ஒரு பூவைக் கண்டார். இதழ் ஓரத்தில் பழுப்பு விழ ஆரம்பித்திருந்தது. அதை எடுத்து மூக்கருகே கொண்டு போனார். மொட்டுக்கு வாசனை கம்மி, அதில் தெரியாவிட்டால் பரவாயில்லை என்று ஒரு சமாதானம் இருக்கிறது, மலர்ந்த பூவுக்கு அதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாக இழுத்தார். இந்த வாரம் முழுக்க, பறிக்கிற பூவையெல்லாம் இப்படித்தான் இழுத்துப் பார்க்கிறார், ஒவ்வொன்றாக, கைநிறைய அள்ளி, ரோஸை இதழ் விரித்து, இதோ இந்தப் பூவில் வந்துவிடும், அடுத்த பூவில் வந்துவிடும். வந்துவிட்டால் போன் செய்ய வேண்டியதில்லை. வந்துவிட்டால், அந்த கேனில் ஒன்றும் வராதது அதில் ஒன்றும் இல்லாததால்தான் என்று ஆகிவிடும். இது என்ன கணக்கு. இப்போது வந்தால் நேற்று இருந்தது என்று எப்படி ஆகும். ஆனாலும் மூச்சை இழுத்தார். கூடைக்குள்ளிருந்து இரண்டு கையாலும் மொட்டை அள்ளி முகத்தைப் புதைத்தார். குளிர்ச்சி. கன்னமெல்லாம் குளிர்ச்சி. கண்ணிமை மேல் ஒரு மொட்டு உருண்டது. நெஞ்சு முட்ட இழுத்தார். காற்றுதான் வந்தது.

"என்ன காரியம் பண்றீங்க?"

ஜெபமாலை கதவில் நின்றாள். கையில் நூற்கண்டு. கூப்பாடு போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சாமிக்கு வைக்கிற பூவை முகரக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முகர்ந்தால் எச்சில். கட்டும்போது வாசனை தானாக மேலே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டுகிறவள் அவள்.

"மாதாவுக்குன்னு சொல்லித்தானே பறிக்கச் சொன்னேன்? அதுல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? பால் கேனுன்னு நெனச்சீங்களா?"

"ஒண்ணுமில்ல, போ."

"என்ன போ? இங்க போ சொல்லாதீங்க. இன்னிக்குத்தானா, தினமுமா?"

அவர் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முகம் மாறியது.

"தினமுமா? இந்த வாரம் பூரா நான் கோயிலுக்குக் கொண்டுபோய் மாதா பாதத்துல வச்ச பூவெல்லாம்? ஐயோ. எச்சிப் பூவையா வச்சேன் நான்? ஏங்க, ஒங்களுக்கு அறிவு எங்க போச்சு? ராத்திரி பூரா மோந்தது பத்தலையா?"

"எச்சில் ஆகல," என்றார் இன்னாசி.

"அதெப்படி ஆகாம போகும்?"

"மோந்தேன். ஒண்ணும் வரல."

"எது வரல?"

"வாசன. எதுலயும் வரல. காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்பலேர்ந்து."

அவள் நூற்கண்டைப் பார்த்தாள், பிறகு அவர் மூக்கைப் பார்த்தாள், ஏதோ அங்கே வெளியில் காயம் தெரியும் என்பது போல. எட்டி மருக்கொழுந்தில் ஒரு கொத்தைப் பறித்து உள்ளங்கையில் தேய்த்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அவர் முகர்ந்தார், தலையை ஆட்டினார். அவள் தன் முந்தானையை நீட்டினாள். அதற்கும் ஆட்டினார். முந்தானையை அவள் மெதுவாக இடுப்பில் செருகிக்கொண்டாள். பூ, எச்சில், மாதா எல்லாம் அந்த முகத்திலிருந்து போய்விட்டதை அவர் பார்த்தார்.

"அப்ப டாக்குல?"

சொன்னார். பரமனின் உதட்டைச் சொன்னார், துண்டு கட்டிய ஆளைச் சொன்னார், நீலச் சொட்டைச் சொன்னார். இத்தனை நாள் உள்ளே பெரிசாகச் சுற்றிக்கொண்டிருந்தது வெளியே சொல்லும்போது நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. "மத்தியானத்துக்குள்ள போன் பண்ணினா நிறுத்திரலாம்," என்றார் கடைசியில்.

"பண்ணி?"

"சொல்லணும்."

"என்னன்னு? எனக்கு மூக்கு இல்ல, நான் சும்மா குனிஞ்சு குனிஞ்சு நிமிந்தேன்னா? அப்புறம் ஒங்கள எங்க வைப்பாங்க? கேன் கழுவவா, ட்ரே அடுக்கவா? ஒங்க முதுகுக்கு அது ஆகுமா? ஊரே சிரிக்கும். ஒரு சொட்டுதானே. இருந்துச்சோ இல்லையோ. அவ்வளவு பாலுல ஒரு கேன் என்ன பண்ணிரும்? யாருகிட்டயும் சொல்லாதீங்க. மாதா இன்னிக்கு வீட்டுக்கு வர்றாங்க, எல்லாம் பாத்துக்குவாங்க. நீங்க போய்ப் படுங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொல்வதும் சரிதான். இவரே விடியற்காலை பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொண்டதுதான் அது, ஒரு வார்த்தை மாறாமல். அவ்வளவு பாலில் ஒரு கேன். கடலில் கரைத்த மாதிரி. வேறு வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது மெலிவாக இருக்கிறது. படுக்கலாம் என்று கூடையைத் தரையில் வைத்தார். சமையலறை ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தது. உள்ளே ஜெபமாலை தணிந்த குரலில் யாருடனோ பேசினாள். மகள் ரோஸ்லினோடு. ரோஸ்லினை இதே ஊரில் நாலு தெரு தள்ளிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பேரனுக்கு ஒரு வயது ஆகப்போகிறது.

"புள்ளைக்கு இன்னிக்குப் பாக்கெட் பாலு குடுக்காதடி. ஒண்ணுமில்ல. சொன்னா கேளு. கஞ்சி குடு, ராகி குடு. ஏன்னா ஏன்? வெயில்ல கெட்டுப்போய் வருதாம், அப்பா சொன்னாரு. நாளைக்கும் வேணாம். பக்கத்து வீட்டுலயா? அவுககிட்ட எதுக்கு நீ போய்ச் சொல்லிக்கிட்டு? ஒன் புள்ளைக்குக் குடுக்காத, அவ்வளவுதான்."

இன்னாசி அசையாமல் நின்றார். ஜன்னலுக்குக் கீழே கனகாம்பரத்தில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, பூவின் ஓரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது, மறுபடி போனது. அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தையை அவர் பார்த்திருக்கிறார். ரோஸ்லின் வீட்டுக்குப் போனால் அதுவும் வாசலில் உட்கார்ந்திருக்கும், மூக்கொழுகிக்கொண்டு, கையில் ஒரு நிப்பிள் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. பெயர்கூடத் தெரியாது. ஜெபமாலை நல்லவள். எதிர்வீட்டில் அம்மை போட்டால் வேப்பிலையோடு முதலில் போய் நிற்கிறவள். அவள் வாயிலிருந்து இது வந்தது என்றால் அவளுக்கு அந்தச் சொட்டு இருந்தது என்று தெரிந்துவிட்டது. இருந்துச்சோ இல்லையோ இல்லை. இருந்தது. அவருக்கும் தெரியும், குனிவதற்கு முன்னாலேயே தெரியும், கண் பார்த்தது, கண் சொன்னதை மூக்கு சொல்லட்டும் என்று காத்திருந்தார், செத்த மூக்கு. ஜன்னல் கட்டையில் இருந்த போனை எடுத்தார். மல்லிக் காம்பின் ஈரம் விரலில் ஒட்டியிருந்ததில் எண்கள் இரண்டு தரம் தப்பாகப் போயின. மூன்றாவது தரம் மணி அடித்தது.

"இன்னாசிண்ணே, தூங்கலையா?" ஷிப்ட் ஆபீசர் வித்யாசாகர். வயதில் சின்னவன், நல்ல பையன், மரியாதை தெரிந்தவன்.

"சார், ராத்திரி கடைசி லோடு, வடக்கு ரூட்டு. அதுல ஒரு கேன் சரியில்ல சார். மருந்துன்னு நெனைக்கிறேன். அந்த சைலோவ நிறுத்தி வைங்க."

"எது, மூணாவதா? அது காலையிலேயே காலிண்ணே. வெயிலுக்கு சனம் பாலும் மோருமா அள்ளிக்கிட்டுப் போகுது, ராத்திரிப் பால வச்சிருக்கவே முடியல. பாக்கெட் ஆயி வண்டியெல்லாம் போயிருச்சு. ஏண்ணே, சந்தேகம்னா ராத்திரியே தள்ளியிருக்கலாம்ல?"

"திருப்பி வாங்குங்க சார்."

"எந்தக் கடையிலன்னுண்ணே? எதுக்குன்னு சொல்லி வாங்குறது? லேப்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"எனக்கு மோப்பம் இல்ல சார்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மிஷின் சத்தம் குறைந்தது. "எப்பலேர்ந்துண்ணே?"

"தவக்காலத்துலேர்ந்து."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"வீட்ல."

"வேற யாருகிட்டயும் சொல்லிராதீங்க. பாருங்க, இப்ப ஒங்க எடத்துக்கு ஆள் இல்ல. புதுசா ஒருத்தனை நிறுத்தினா ரெண்டே நாள்ல அத்தனை பால் சென்டர்காரனும் தண்ணியக் கலப்பான், பழைய பாலக் கலப்பான். அவன் பயப்படுறது ஒங்க மூக்குக்கு இல்லண்ணே, நீங்க குனியறதுக்கு. நீங்க வந்து நின்னு குனிஞ்சா போதும். மத்தத லேப் பாத்துக்கும். மனசப் போட்டு ஒழப்பிக்காம தூங்குங்க. ராத்திரி சீக்கிரம் வாங்க, லோடு ஜாஸ்தி."

இல்ல சார் என்று இவர் ஆரம்பித்தபோது போன் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தார். நீலமாக ஒரு சொட்டு இப்போது எங்கே இருக்கும். டீக்கடையில் பொங்கிக்கொண்டிருக்கும். ஐஸ் பெட்டியில் இருக்கும். மூக்கொழுகிய அந்தக் குழந்தையின் பாட்டிலில் இருக்கும், அல்லது அங்கே இல்லாமல் வேறு ஒரு குழந்தையின் பாட்டிலில். ஒன்றும் ஆகாமலும் போகலாம். வாந்தி என்பார்கள், வெயில் என்பார்கள், மாம்பழம் தின்றது என்பார்கள். எது ஆனாலும் ஆகாவிட்டாலும் தன் காதுக்கு வரப்போவதில்லை. பரமன் ஊரிலிருந்து வந்துவிடுவான், மேலுதடு சுருங்கும், குனிவார், நிமிர்வார். சோளக்கொல்லையில் சட்டை மாட்டி நிறுத்தி வைப்பார்களே, அது மாதிரிதான், ஆனால் குனியத் தெரிந்த ஒன்று.

ஜெபமாலை வெளியே வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"பாலு போயிருச்சாம்."

"வேலை?"

"வரச் சொல்றாங்க. எப்பவும் போல."

அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். தோள் இரண்டும் இறங்கின. அவள் அறியாமல் விட்ட அந்த மூச்சை அவர் பார்த்தார், அவர் பார்த்ததை அவள் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் போகல," என்றார் இன்னாசி.

"இன்னிக்கா? இன்னிக்கு மாதா வர்றாங்க, லீவு சொல்லிக்கலாம். அதிலென்ன."

"நாளைக்கும்."

அவள் தரையில் இருந்த கூடையைத் தூக்கினாள், மொட்டுகளை ஒரு தரம் பார்த்தாள், மூலையில் ரோஸ் செடியின் அடியில் அப்படியே கவிழ்த்தாள். வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. பிறகு வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மல்லி வரிசையின் அந்தக் கோடிக்குப் போய், அவர் கை படாத செடியிலிருந்து பறிக்கத் தொடங்கினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பறிப்பவள் மாதிரி, முகத்தைத் தெருப் பக்கம் வைத்துக்கொண்டு. "ரோஸ்லின் பக்கத்து வீட்டுலயும் சொல்லிருவா," என்றாள் கொஞ்சம் கழித்து. "திருப்பி போன் பண்ணிச் சொல்றேன்." போன் செய்ய உள்ளே போகவில்லை, பறித்துக்கொண்டே இருந்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள்.

வெயில் சுவரிலிருந்து இறங்கி மண்ணுக்கு வந்துவிட்டது. டப்பாக்களில் பத்துமணிப் பூ எல்லாம் எப்போதோ திறந்து சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. இன்னாசி தன் போனை அவளிடம் நீட்டினார். அவள் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். எண்ணைத் தேடும்போது உதடு அசைந்தது. அவள் பேசுவதைக் கேட்க அவர் நிற்கவில்லை. முதல் செடியின் பக்கத்தில் வாளி இருந்தது, பாதித் தண்ணீரோடு, உள்ளே ஒரு இலை மிதந்தது. இலையை எடுத்துப் போட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் இரண்டாவது செடியின் தூரில் ஊற்றினார்.